ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டி

பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோது, அதற்கு விளம்பரம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணிக்கடையில் பில் போடும் வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். அதற்கு முன்பே என் தங்கை, கொழுந்தனார் மனைவி, பக்கத்து வீட்டு அங்கன்வாடிப் பணியாளர் என்று ஒவ்வொருவராகப் பழக்கிவிட்டிருந்தேன். உனக்குக் கைராசி இருக்கிறது, சும்மா செய்வதைக் காசு வாங்கிக்கொண்டே செய்யலாமே என்று அவர்கள்தான் என்னை ஏற்றிவிட்டார்கள். கைராசி இருக்கிற இடத்துக்கு ஆட்கள் தானாக வந்துவிடுவார்கள் என்று நானும் நம்பினேன்.

இடம் சுலபமாகக் கிடைத்தது. நாமக்கல்லை விட்டுக் கொஞ்சம் வெளியே, மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட். முகப்பில் வளைவு, உள்ளே நல்ல தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் அடித்த கற்கள். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. முதலாளியைப் போய்க் கேட்டேன். நாலு பேர் நடமாடினால் மனைக்கும் நல்லதுதான் என்று உடனே சம்மதித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வளைவுக்கு அடியில் நின்றேன். கொல்லிமலைப் பக்கம் வெளுத்தது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து, வண்டி நின்றுபோயிற்றா என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்த நாளும் அவர்தான் வந்தார். அந்த வாரம் முழுக்க அவரோடு மழையைப் பற்றியும் ஆட்டு விலையைப் பற்றியும் பேசிவிட்டு, நோட்டீஸ் அடிப்பது என்ற முடிவுக்கு வந்தேன்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ரொம்ப சுறுசுறுப்பு. நான் வாயை மூடுவதற்குள் ஒரு படத்தை எடுத்துப் போட்டுவிட்டாள். பொன்னிற முடி பறக்க, கடற்கரை ரோட்டில் ஸ்கூட்டரில் போகும் வெள்ளைக்காரி. நம் ஊர்ப் பெண் மாதிரி இருந்தால் தேவலை என்றேன். தேடினாள். சேலை கட்டிய பெண்கள் நிறைய வந்தார்கள். எல்லாரும் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுகிறவள் ஒருத்திகூட அகப்படவில்லை. கடைசியில் ஆள் இல்லாமல் தனியாக நிற்கும் ஸ்கூட்டி ஒன்றைப் போட்டு அடித்துக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் நானே நின்று கொடுத்தேன். முதல் நோட்டீஸை ஒருவரிடம் நீட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. துணிக்கடையில் தினமும் நூற்றுக்கணக்கான பேரிடம் பில்லை நீட்டியவள்தான். ஆனால் அது கடையின் பில். இது என்னுடைய பெயர் போட்ட காகிதம். மோகனூர் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வாங்கிப் பார்த்தார்கள், என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். வறுகடலை விற்கிறவர் மட்டும் மிச்சம் இருந்தால் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டார். தாள் கெட்டியாக இருக்கிறதாம்.

அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பித்தது. வண்டி என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கடைசி விலை என்ன. நோட்டீஸில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, பழைய ஸ்கூட்டி விற்பனைக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வேறு யாருக்கோ பேசி முடித்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தார்.

என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். பேச்சு குறைவு. நான் நோட்டீஸ் கதையைச் சொல்லிப் புலம்பியதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், மறுநாள் பட்டறையிலிருந்து திரும்பும்போது ஒரு தகரப் பலகையோடு வந்தார். மஞ்சள் பின்னணியில், கறுப்பு நிழல் கொடுத்த சிவப்பு எழுத்தில், 'பெண்களுக்கு மட்டும். பயமில்லாமல் ஸ்கூட்டி பழகலாம்' என்று எழுதி, கீழே என் நம்பர். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இரண்டு மூலையிலும் தாமரை. மேலே இரண்டு கண்கள். அடியில் சின்னதாக 'ஒலி எழுப்பவும்'. என் வண்டிக்குப் பின்னால் அதை போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, ஒரு கறுப்புத் திருஷ்டிக் கயிற்றையும் தொங்கவிட்டார்.

"லாரி மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"அதுக்குத்தான். ரோட்டுல போறவன் எல்லாம் லாரி பின்னாடியைத்தான் படிக்கறான்" என்றார்.

அவர் சொன்னது சரி. பலகையோடு பரமத்தி ரோட்டில் போனபோது, எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் என்னைப் படித்தார்கள். சிக்னலில் நின்றால் யாராவது சத்தமாக வாசித்தார்கள். முதுகில் ஊரே உட்கார்ந்திருப்பது போல ஒரு கூச்சம். இன்னொரு சங்கடம், அதுவரை நானும் எல்லாரையும் போலத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ராங் சைடில் பத்தடி போக முடியாது. சிக்னல் மஞ்சளில் முந்த முடியாது. ஒருநாள் போய்க்கொண்டிருக்கும்போது விடாமல் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன்.

"டீச்சருங்களா? உங்களுக்குப் பின்னாடி வார லாரியில கிளீனரு பேசறனுங்க. உங்க இண்டிகேட்டரு ரொம்ப நேரமா எரிஞ்சுட்டே இருக்குதுங்க. நீங்க திரும்பவே இல்லீங்க. டிரைவரண்ணன் சொல்லச் சொன்னாரு."

லாரி மெதுவாக ஒரு ஹாரன் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனது. நான் இண்டிகேட்டரை அணைத்தேன். அன்று முதல் இண்டிகேட்டர் விஷயத்தில் நான் மகா கண்டிப்பு.

பலகையைப் பார்த்துப் பெண்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருத்தி, இரண்டு பேர், பிறகு காலையில் ஒரு சின்ன வகுப்பு என்றே சொல்லும்படி ஆனது. ஆனால் அவர்களை வைத்து விளம்பரம் செய்ய முடியவில்லை. கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். பால் வாங்க, கோயிலுக்கு, ரேஷன் கடையில் வரிசை போட என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார்கள். ஓட்டிப் பழகி ஒரு சுற்று முழுதாக வந்ததும் முகம் அப்படி மலர்ந்திருக்கும். நான் ஸ்டேட்டஸில் போடலாம் என்று போனை எடுத்தால் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வார்கள். போட்டோ மட்டும் வேண்டாம் அக்கா என்பார்கள். வண்டி பழகுவது என்ன குற்றமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. வேறு வழியில்லாமல் ஆளை விட்டுவிட்டு, தார் ரோட்டில் ஓடும் வண்டியின் நிழலை மட்டும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். என் அண்ணன் பார்த்துவிட்டு, இந்த வண்டியைப் பேய் ஓட்டுகிறதா என்று கேட்டான்.

அப்படி ஒளிந்து வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. கொஞ்சம் பருமன். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால், வீட்டில் வாக்கிங் என்று சொல்லிவிட்டு நேரே லேஅவுட்டுக்கு வந்துவிடுவார். அவர் கணவர் கோழித் தீவன வியாபாரி. சுற்றுவட்டாரப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் போய்வருகிறவர். நல்ல மனுஷன், ஆனால் குரல்தான் மைக் வைத்த மாதிரி என்பார் அக்கா. கல்யாணமான புதிதில் அவரே ஒரு மொபெட்டில் உட்கார வைத்துப் பழக்கப் பார்த்திருக்கிறார். பின்னாலேயே ஓடி வந்து, பிரேக்கு, பிரேக்கு என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்ததாம். அக்கா வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு தொட்டதில்லை.

"எனக்கு ஒன்னும் பெரிய ஆசையெல்லாம் இல்லை அம்மிணி" என்றார் ஒருநாள், மஞ்சள் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே. "மோகனூர்ல எங்க அம்மா ஊடு. போகோணும்னா அவருக்கு எப்பத் தோது வருதுன்னு பாத்துட்டே உக்காந்திருக்கோணும். நெனச்சா நானே கெளம்பிப் போகோணும். அவ்வளவுதான்."

அக்காவுக்கு வண்டி சட்டென்று வரவில்லை. முதல் பத்து நாள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனார். ஷூ தேய்ந்துவிடும் போலிருந்தது. திரும்பும் இடம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் திருப்பினார். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு மாதம் கழிந்த பிறகு ஒரு காலையில், தன்னையறியாமல் இரண்டு காலையும் மேலே எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டின் கோடிவரை போய், அங்கே வளைந்து, திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனார்.

அந்த வாரத்தில்தான் ஒரு மதியம் போன் வந்தது. பேசியவரின் குரலுக்காகப் போனைக் காதிலிருந்து சற்று தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிக்னலில் என் பலகையைப் பார்த்தாராம். மனைவிக்குக் கல்யாண நாள் வருகிறது, சொல்லாமல் ஒரு புது ஸ்கூட்டி புக் செய்திருக்கிறார். ஆனால் அவளுக்கு வண்டி என்றாலே பயம், பெண் டீச்சர் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடுவாள் என்று நினைக்கிறார். தீவன வியாபாரம், வீடு இன்ன தெரு என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்துவிட்டது. விஷயம் வெளியே தெரிய வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராகக் கூட்டிக்கொண்டு வந்து அசத்தப்போகிறேன் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

நான் கணவரிடம் கேட்டேன். அக்கா அவருக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். அவர் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். இப்போது நான் யாருக்கு எதைச் சொல்வது. என் கணவர் தூரிகையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே, நீ வண்டிக்குத்தானே டீச்சர், குடும்பத்துக்கு இல்லையே என்றார். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிறு வரைக்கும் அக்காவைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் வந்தார்கள். புது வண்டியை ஷோரூம் ஆளே லேஅவுட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார். மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். அக்கா காரிலிருந்து இறங்கி வளைவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் லேசாகத் தலையை ஆட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இவங்கதான் டீச்சர்" என்றார் கணவர்.

"வணக்கமுங்க டீச்சர்" என்று அக்கா கைகூப்பினார். தினமும் என் பாட்டிலில் தண்ணீர் குடித்த அக்கா.

எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கிவிட்டு, நான் ஆக்சிலேட்டர் எது, பிரேக் எது என்று முதலிலிருந்து பாடம் எடுத்தேன். அக்கா பயந்த பெண்ணாகவே தலையாட்டிக் கேட்டார். ஆனால் கைக்கு நடிக்கத் தெரியவில்லை. வண்டியில் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். நான் சொல்வதற்கு முன்பே ஸ்டாண்டை எடுத்து, பிரேக்கைப் பிடித்து ஸ்டார்ட் செய்தார். பிறகு நினைவு வந்து, வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளாடினார். இரண்டு முறை காலைத் தேய்த்துக்கொண்டு போய் வந்தார். புது வண்டி, என் பழைய வண்டியைவிட லேசாகப் போயிற்று போல. மூன்றாவது முறை போனபோது நடிப்பு எல்லாம் மறந்துவிட்டது. நேராகக் கோடிவரை போய், இண்டிகேட்டர் போட்டு, அழகாக வளைந்து, அதே வேகத்தில் திரும்பி வந்து கணவர் முன்னால் நிறுத்தினார்.

அந்தக் குரல் அவ்வளவு மெதுவாகப் பேசும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "ஒரு மணி நேரங்கூட ஆகலையே" என்றார். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அவர் போனில் ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்கியபோது நான் அக்காவின் அருகில் போய், சொல்லிவிடலாமே என்றேன்.

"மூஞ்சியப் பாருங்க அம்மிணி, எத்தன சந்தோசம்" என்றார் அக்கா தாழ்ந்த குரலில். "இப்பப் போய்ச் சொன்னா சுருங்கிப்போயிருவாரு. அப்புறமாப் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

போகும்போது அக்காவின் கணவர் சொல்லிவிட்டுப் போனார்: "டீச்சரம்மா, இனிமேப்பட்டு நீங்க நோட்டீஸு, போர்டு ஒன்னும் பண்ண வேண்டாம். உங்களுக்கு விளம்பரம் நான் பண்றனுங்க."

செய்தார். அந்த வாரத்திலேயே தெரிந்தது. சேந்தமங்கலத்திலிருந்து கூப்பிட்டார்கள், ராசிபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள், பெயர் கேள்விப்படாத ஊர்களின் கோழிப் பண்ணைகளிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். தீவன மூட்டை இறங்குகிற இடத்திலெல்லாம் என் பெயரும் இறங்கியிருக்கிறது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: ஒரு மணி நேரத்தில் பழக்கிவிடுவீர்களாமே. அக்கா மூன்றாவது சுற்று வந்ததை அவர் வீடியோ வேறு எடுத்திருந்தார். அது வியாபாரிகள் சங்கம், குலதெய்வக் கோயில், பள்ளிக்கூட நண்பர்கள் என்று அவர் இருந்த அத்தனை குரூப்பிலும் சுற்றிவந்து கடைசியில் என் அண்ணனிடமிருந்து எனக்கே வந்தது.

முதலில் எனக்கும் குஷிதான். நான் பஸ் ஸ்டாண்டில் வியர்க்க வியர்க்க நின்றும் வராத கூட்டம் இது. ஆனால் வந்தவர்கள் கையில் வாட்ச்சோடு வந்தார்கள். ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தறிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, மதியத்துக்குள் பழகிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு. நன்றாகத்தான் செய்தாள், முதல் நாளுக்கு அது அதிகமே. ஆனால் வெயில் ஏறியதும் வண்டியை விட்டு இறங்கி, "எனக்கு மட்டும் வர மாட்டேங்குதுங்க்கா, நான் மக்குங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுபடி வரவில்லை. இன்னும் சிலர் அப்படியே போனார்கள். அந்தப் பெண் போன பிறகு வெகுநேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பயத்தைப் போக்கத்தானே பலகை மாட்டியிருந்தேன். இப்போது என் பெயரைச் சொல்லியே ஒருத்தி தன்னை மக்கு என்று முடிவு கட்டிவிட்டுப் போகிறாள்.

அக்காவின் கணவருக்குப் போன் செய்தேன். எல்லாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது, தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த பண்ணையில், பார்த்தீர்களா, எவ்வளவு அடக்கமான டீச்சர் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் கேட்டால், இதோ சொல்லிவிடுகிறேன், அமாவாசை போகட்டும் என்றார். அமாவாசையும் போயிற்று.

பிறகு அக்காவின் கணவர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராசிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிற பெண். துணி எடுக்க வாரா வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ்ஸில் போய் மூட்டையோடு அல்லாடுகிறாள், முதலில் உள்ளூரிலாவது வண்டி ஓட்டட்டும் என்று. அக்காவும் தன் வண்டியிலேயே பின்னால் வந்திருந்தார். அதற்குள் அவர் எல்.எல்.ஆர். எடுத்து ஊருக்குள் ஓட்டத் தொடங்கியிருந்தார்.

தங்கை நிதானமானவள். சொன்னதைக் கேட்டு, ஒவ்வொன்றாகச் செய்தாள். காலைத் தேய்த்துக்கொண்டு போனாள், பிரேக் பிடித்தாள், இறங்கித் திருப்பினாள். அண்ணன்காரர் கல்லின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் இன்னும் காலைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உன்ற நங்கையா இந்த நேரத்துக்கு ரவுண்டு அடிச்சுட்டு வந்துட்டா" என்று அண்ணியான அக்காவைக் காட்டிச் சொன்னார். லேஅவுட்டின் கோடிவரை கேட்டிருக்கும். "உனக்கு என்ன, மண்டையில ஏறலையா?"

தங்கை வண்டியை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா தன் வண்டியை விட்டு இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, நேரே கணவரிடம் போனார்.

"அவளை எதுக்குங்க சத்தம் போடறீங்க. எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"எதுக்கு ஒரு மாசம்?"

"இதக் கத்துக்கத்தான். வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் வந்துட்டிருந்தேன். இதே ரோட்டுல, இதே மாதிரி காலைத் தேச்சுட்டுத்தான் போனேன். அவளாவது தேவுல, நான் திருப்பக்கூட ரொம்ப நாள் ஆச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "நெசமுங்களா டீச்சரம்மா?"

"ஆமாங்ண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது.

ஆடு மேய்க்கிறவர்கூடத் தூரத்தில் நின்று பார்த்தார். அண்ணன்காரர் கல்லிலிருந்து காலை எடுத்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல" என்றார். கோபமாக இல்லை.

"சொல்லியிருந்தா நானே கத்துக்குடுக்கறேன்னு கெளம்பி வந்திருப்பீங்க" என்றார் அக்கா.

முதலில் சிரித்தது தங்கைதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் அத்தன பேர்த்துகிட்டயும் சொல்லிப்போட்டனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வளைவைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிக் கிளம்பிவிட்டார். மற்ற இரண்டு பேரும் போகவில்லை. போனவர் டீ குடித்தால் சரியாகிவிடுவார் என்றார் அக்கா. தங்கை மறுபடி வண்டியை எடுத்தாள். அக்கா பக்கத்திலேயே நடந்துகொண்டு, எந்தக் கல்லில் மோதினேன், எங்கே அழுதேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அதன் பிறகு சில நாட்கள் என் போன் அடங்கிக் கிடந்தது. நான் பயந்துபோனேன். ஏற்றிவிட்ட வாய் இறக்கிவிடவும் செய்யும். ஊரெல்லாம் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லிக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தேன். பலகையைக் கழற்றிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். பெயின்ட் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

ஒரு காலையில் எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பின்னால் கோழிகளின் இரைச்சல். மெல்லிய குரலில், "ஏனுங்க, ஊட்டுக்குத் தெரியாமக் கத்துக்குடுக்கற டீச்சருங்களா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். தீவனக்காரர் என்றாள்.

விஷயம் இதுதான். அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மணி நேரக் கதையைச் சொன்ன ஒவ்வொரு பண்ணைக்கும் திரும்பப் போகும்போது, அதைத் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. திருத்தப் போனவருக்கு இந்தக் கதை முந்தியதைவிட ருசித்துவிட்டது. என் சம்சாரம் ஒரு மாதமாக என்னை ஏமாற்றிவிட்டாள், வாக்கிங் போகிறேன் என்று சொல்லி வண்டி பழகியிருக்கிறாள், எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஆண்களுக்கு ஒரு புத்திமதியும் வைத்தார்: பழகுவதற்கு ஒரு மாதம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் நின்று கத்தாதீர்கள். அதை அவர் சத்தமாகத்தான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வாட்ச் பார்க்கவில்லை. சிலர் கணவரோடே வந்தார்கள். ஆண்கள் வளைவுக்கு வெளியே டீக்கடையில் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். அந்த டீக்கடை வந்ததே இந்தக் கூட்டத்துக்காகத்தான். தங்கை மூன்று வாரத்தில் ஓட்டினாள். அக்கா லைசென்ஸ் வாங்கிய மறுநாளே மோகனூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். போகும்போது காவிரிக் காற்றில் சேலை பறந்தது பயமாக இருந்ததாம். வரும்போது சேஃப்டி பின் குத்திக்கொண்டாராம். இப்போது காலை இரண்டு பேட்ச், மாலை ஒன்று. மாலை பேட்ச்சைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள், கடையைச் சீக்கிரம் சாத்திய நாட்களில்.

போன மாதம் தீவனக்கார அண்ணன் கூப்பிட்டார். அக்காவுக்குக் கார் ஓட்ட ஆசை வந்திருக்கிறது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். எனக்குக் காரே ஓட்டத் தெரியாது என்றேன். அதனால் என்னங்க, கத்துக்கிட்டுச் சொல்லிக்குடுங்க, நான் அதுக்குள்ள நாலு பேர்த்துகிட்டச் சொல்லி வெக்கறேன் என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

நான் சேலம் ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறவர் நல்லவர், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்கிறார். கிளட்ச்சை விட்டால் வண்டி துள்ளி நின்றுவிடுகிறது, விடாவிட்டால் நகரவே மாட்டேன் என்கிறது. நேற்று மேட்டில் மூன்று தடவை நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு டவுன் பஸ் பொறுமையாகக் காத்து நின்றது. இதற்கிடையில் கார் பழக்கிவிடுவீர்களாமே என்று கேட்டுப் போன் வர ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி, பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.